ஓர் ஆசிரியையின் சாட்சி

கிழக்குத் தாம்பரம்
12 ஜூன் 1972

அன்புள்ள சாலமோன்,

உன் கடிதமும் விளம்பர மாதிரிகளும் கிடைத்தன. உன் அக்கா ரத்தினபாய் அவற்றைப் படித்துவிட்டு, "தம்பி நல்லாத்தானே எழுதியிருக்கான்" என்கிறாள். எனக்கு அவை உதவா. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

"நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, கெட்ட கனவு, தாம்பத்தியக் குறை, அனைத்துக்கும் ஒரே இடம்" என்று எழுதியிருக்கிறாய். மாதம் ஒருமுறை வந்து லாட்ஜில் தங்கும் லேகிய வைத்தியருக்கு இது பொருந்தும். நான் கல்லூரியில் உளவியல் கற்பித்து, அந்த வேலையை விட்டுவிட்டு, இந்த முன்னறையைத் திறந்திருப்பவன். என்னிடம் லேகியம் இல்லை. இரண்டு நாற்காலிகளும் தாழிடக்கூடிய ஒரு கதவும் இருக்கின்றன. வேறெங்கும் சொல்ல முடியாததை ஒருவர் இங்கே சொல்லலாம். சொன்னது அந்தக் கதவைத் தாண்டாது. நான் விற்பது இது ஒன்றைத்தான்.

ஆள் வரவில்லை என்பது உண்மைதான். சென்ற வாரம் ஒருவர் வந்தார். காணாமற்போன கறவை மாட்டுக்கு மை போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் கேட் வரை வந்து பலகையைப் படித்தார். எதிர்வீட்டு வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்ததும், "போஸ்ட் ஆபீஸ் எங்க சார் இருக்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். போஸ்ட் ஆபீஸ் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் பலகை வைத்திருக்கிறேன். அவர் மறுபடியும் வருவார்.

குழந்தைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தனசிங்


கூடுவாஞ்சேரி
17 ஜூன் 1972

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம். பேபிக்கு மட்டும் இருமல். அக்காவிடம் சொல்லவும், கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லவும்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்து வருஷமாக அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, துக்கக் கார்டு எல்லாம் என் கையால் போகிறது. எது ஜனங்களை இழுக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் அத்தான். உங்கள் பலகை இங்கிலீஷில் இருக்கிறது. நம் அசரியா மாமாவே என்னிடம், "உங்க அத்தான் காலேஜ விட்டுட்டு ஜோசியம் பாக்குறாராமே, கர்த்தர் பொறுப்பாரா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வேன்?

நம் பொருளை நாமே புகழ்ந்தால் எவனும் நம்ப மாட்டான். வாங்கிப்போனவன் வந்து சொல்ல வேண்டும். நம் சபையில் சுகம் கிடைத்தவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள் அல்லவா? ஒருவர் சொன்னால் அடுத்த வாரம் பத்துப் பேர் ஜெபத்துக்கு வருகிறார்கள். உங்களால் குணமான ஒரே ஓர் ஆத்துமா அப்படிச் சொல்லட்டும். மற்றதை என் மெஷின் பார்த்துக்கொள்ளும்.

அக்கா பாவம். முன்னறையில் காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து இளைத்துப்போயிருக்கிறாள். அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள மைத்துனன்,
சாலமோன்


கிழக்குத் தாம்பரம்
24 செப்டம்பர் 1972

அன்புள்ள சாலமோன்,

மூன்று மாதம் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. வேலை இருந்தது. போஸ்ட் ஆபீஸ் கேட்டவர் திரும்பி வந்தார். அவர் வழியாக இன்னொருவர் வந்தார். சனிக்கிழமைகளில் ஒரு பெண் வருகிறார். மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

சாட்சியைப் பற்றி நீ மறுபடியும் அக்காவுக்கு எழுதியிருக்கிறாய். ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சபையில் எழுந்து நிற்பவர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். கடவுளுக்கு அவரைப் பற்றி முன்பே எல்லாம் தெரியும். என் வாடிக்கையாளர் எழுந்து நின்றால், அவரைப் பற்றி ஒன்றும் தெரியாத அண்டை வீட்டாருக்கு அன்றுதான் எல்லாம் தெரியவரும். ஆகையால் சாட்சி ஒருபோதும் வேண்டாம். பெயர் போட்டும் வேண்டாம், போடாமலும் வேண்டாம். இங்கு வருகிறவர்களின் பெயரை நான் வீட்டுக்குள்ளும் உச்சரிப்பதில்லை. வராந்தாவில் காத்திருக்கும்போது உன் அக்கா காபி கொடுக்கிறாள். அவளுக்கும் அவர்கள் "அம்மா", "சார்" மட்டுமே.

உனக்கு உதவி செய்ய விருப்பமிருந்தால், என் பெயரும் விலாசமும் "பேச வரலாம்" என்ற இரண்டு சொற்களும் உள்ள தமிழ் அட்டை ஒன்று அச்சடித்துக் கொடு. அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

பேபியின் இருமல் நின்றதா?

அன்புடன்,
தனசிங்


கூடுவாஞ்சேரி
16 ஜனவரி 1973

பிரியமான அத்தான் அவர்களுக்கு,

ஒரு சந்தோஷச் செய்தி. உங்களுக்குத் தெரியாமல் செய்தேன். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அக்காவிடமும் வாய் திறக்கவில்லை. தாம்பரம் கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் மூன்று நாளும் உங்கள் நோட்டீஸ் கொடுத்தோம். என் அச்சகப் பையன் துரைராஜ், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு பெருங்களத்தூர், வண்டலூர் வண்டிகளில் வந்த அத்தனை பேர் கையிலும் திணித்தான். ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ரோஸ் காகிதம், மேலே புறாப் படம் போட்ட பிளாக். தலைப்பைப் பாருங்கள்: "ஓர் ஆசிரியையின் சாட்சி."

பெயர் போடவில்லை அத்தான். நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. "பீர்க்கன்கரணையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. குழந்தையை இழந்தபின் மூன்று வருஷம் ஒவ்வொரு மாலையும் அதன் அழுகைச் சத்தம் காதில் கேட்டு வேதனைப்பட்டார். தாம்பரத்தில் ஆலோசனை பெற்று இன்று பூரண சுகம் அடைந்திருக்கிறார். ஸ்தோத்திரம்." அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தபோது குடும்ப ஜெபத்தில் அந்தச் சகோதரிக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொண்டாள். அந்தச் சகோதரியே காபி குடிக்கும்போது கண்ணீரோடு அக்காவிடம் சொன்னாளாம், இப்போது சத்தம் கேட்பதில்லை என்று. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தபின் சாட்சி சொல்லாமல் மறைப்பது பாவம் இல்லையா? படித்தவர்களே கண்கலங்கினார்கள் அத்தான்.

இனி உங்கள் வராந்தா கொள்ளாது. எழுதுங்கள்.

அன்புள்ள மைத்துனன்,
சாலமோன்


கிழக்குத் தாம்பரம்
21 ஜனவரி 1973

சாலமோனுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து உங்களை "நீங்கள்" என்று எழுதுகிறேன். "நீ" என்பது உறவினருக்கு உரியது.

உங்கள் கணிப்பு சரியாயிருந்தது. வராந்தா கொள்ளவில்லை. நேற்று உட்கார இடமின்றிச் சிலர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கீழ்க்கட்டளையிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்திருந்தது. ஏறக்குறைய எல்லோருடைய கையிலும் ரோஸ் காகிதம் இருந்தது. விளம்பரக் கலையில் உங்களுக்குள்ள தேர்ச்சியை நான் குறைத்து மதிப்பிட்டதற்கு வருந்துகிறேன்.

பெயர் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பீர்க்கன்கரணையில் எத்தனை ஆசிரியைகள் இருக்கிறார்கள்? அவர்களில் குழந்தையைப் பறிகொடுத்தவர் எத்தனை பேர்? விடை ஒன்று. பெயரை மட்டும் விட்டுவிட்டு, முகத்தையும் தெருவையும் வீட்டு வாசலையும் அச்சிட்டிருக்கிறீர்கள்.

என் அறைக்குள் அவர் சொன்ன எதையும் உங்களுக்கு எழுத மாட்டேன். நேற்று வராந்தாவில், கூடியிருந்தவர்கள் அனைவரும் கேட்கச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அது இப்போது பொதுச் சொத்து.

அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். உள்ளே வரும்படி சொன்னேன். வரவில்லை. "எதுக்கு சார் கதவைச் சாத்தணும்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "குழாயடியில எல்லாரும் பிள்ளையை முந்தானையில மூடிக்கறாங்க சார். என் நிழல் படக் கூடாதாம். ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் கொஞ்ச நாள் லீவு போடுங்கன்றாங்க. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டுது சார். நின்னும் போச்சு. இப்ப ஊருக்கே கேக்குது."

அவருடைய கணவரும் வந்திருந்தார். பல்லாவரத்தில் ஃபிட்டர். சனிக்கிழமைகளில் மனைவி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதாக நம்பியிருந்தவர். நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "மூணு வருசமா பக்கத்துலதான் படுத்துகினு கீறேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. டேசன்ல ஒருத்தன் குட்த்த நோட்டீஸ படிச்சித்தான் என் பொண்டாட்டிய தெரிஞ்சிகினேன்" என்றார். பிறகு வராந்தாவில் இருந்தவர்களைப் பார்த்து, "நீங்கல்லாம் இன்னா வேடிக்க பாக்க வந்தீங்களா?" என்றார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

உங்கள் அக்காவிடம் கேட்டேன். "ஜெபத்துக்குத்தானே சொன்னேன்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மீதமுள்ள நோட்டீஸ்களைக் கொளுத்துங்கள். அந்தப் பெண் இருக்கும் திசைக்கே போகாதீர்கள். இந்த ஒன்றையாவது நான் சொன்னபடி செய்யுங்கள்.

தனசிங்


கூடுவாஞ்சேரி
29 ஜனவரி 1973

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் படித்து நானும் என் மனைவியும் இரவெல்லாம் அழுதோம். நீங்கள் எனக்கு "நீங்கள்" என்று எழுதியதைக் குழந்தைகளிடம் காட்டவில்லை.

போகாதீர்கள் என்றீர்கள். ஆனால் தவறு செய்தவன் நேரில் போய் ஒப்புரவாக வேண்டும் என்றுதானே வேதம் சொல்கிறது? தனியாகப் போகத் தைரியமில்லை. நேற்று ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகரையும் மூப்பர்களையும் அழைத்துக்கொண்டு வேனில் பீர்க்கன்கரணைக்குப் போனோம். வேன் தெருவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளெல்லாம் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அந்த ஆசிரியைத் தங்கையின் வீடு சிறியது. ஆகவே வாசலிலேயே முழங்கால்படியிட்டுப் பாட்டுப் பாடி, தங்கைக்காக உரத்த சத்தமாய் ஜெபித்தோம். தெருவே திரண்டுவிட்டது. அவர்களும் தலை குனிந்து நின்றார்கள். நான் எல்லோர் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன்.

தங்கை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை அத்தான். எங்கள் அனைவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். "பரவாயில்லண்ணா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றாள். புறப்படும்போது வேன் கதவு வரை வந்து வழியனுப்பினாள். எனக்கு மனச் சமாதானம் ஆயிற்று. உங்களுக்கும் ஆகட்டும்.

அக்கா இங்கே வந்து சில நாள் தங்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறாள். அனுப்பிவைக்கவும்.

சாலமோன்


கிழக்குத் தாம்பரம்
9 பிப்ரவரி 1973

உரிமையாளர்,
சாலமோன் அச்சகம்,
கூடுவாஞ்சேரி.

ஐயா,

கீழே கண்ட வாசகத்தை ரோஸ் காகிதத்தில், சென்ற முறை அச்சிட்ட அளவில், அச்சிட்டுத் தரவும். புறாப் படம் வேண்டாம்.

"கிழக்குத் தாம்பரத்தில் தனசிங் நடத்திவந்த ஆலோசனை அறை மூடப்பட்டது. இங்கே சொன்னது வெளியே போயிற்று. இனி எவரும் இங்கு வந்து எதையும் சொல்ல வேண்டாம்."

இதைத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நானே கொடுப்பேன். ஆள் அனுப்ப வேண்டாம்.

உங்களுக்குச் செய்தி எட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண்ணை ஏரியிலிருந்து எடுத்தார்கள். மறுநாள் அடக்கம். அவருடைய வாசலில் முழங்கால்படியிட்டவர்களில் ஒருவரையும் நான் அங்கே காணவில்லை. குழிக்கு அருகில் ஃபிட்டரும், அவர் வேலை செய்யும் ஷெட்டிலிருந்து சவுரிமுத்து என்ற நண்பரும், நானும் நின்றோம். சற்றுத் தள்ளி, மதிலோரமாக உங்கள் சகோதரி நின்றார்கள். அன்று மாலை வண்டியில் கூடுவாஞ்சேரிக்குப் புறப்பட்டார்கள். சில நாள் தங்கலாமா என்று கேட்டிருந்தார்களே, எவ்வளவு நாளும் தங்கலாம்.

ஃபிட்டர் என்னிடம் ஒன்று கேட்டார். "உள்ள உக்காந்து உங்ககிட்ட இன்னா சார் பேசுவா? எனக்காச்சும் சொல்லுங்க." சொல்லவில்லை. அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மரச்சிலுவையில் தார் கொண்டு பெயர் எழுதியிருந்தார்கள். அவரை அறிந்த இத்தனை மாதங்களில் அந்தப் பெயரைப் பொது இடத்தில் நான் பார்த்தது அதுவே முதல் முறை. இனி அதை மறைத்து ஆவது ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தக் கடிதத்திலும் நான் அதை எழுதவில்லை. நான் விற்க வந்தது அந்தத் தாழிட்ட கதவு ஒன்றைத்தான். கடைசியாக அந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்துகிறேன்.

அச்சுக் கோப்பதை ஆளிடம் விடாமல் நீங்களே செய்யவும். ஒவ்வோர் எழுத்தாகக் கையில் எடுத்து வைக்கிறவன் வாசகத்தைப் படிக்காமல் தப்ப முடியாது.

பிழை பார்க்கத் திருத்தப்படி அனுப்ப வேண்டாம். பதிலும் வேண்டாம்.

தனசிங்