தார்ப்பாய் விரித்த ஆறு

பாசமுள்ள கிருபா மதினிக்கு,

நமக்குள் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. நீ சர்ச்சுக்குப் போனவள், நான் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறவள். பள்ளிக்குப் போகும் திருச்சுழி பஸ்ஸில் ஒருநாள் எனக்குச் சீட்டுப் பிடித்துவைத்து "வா மதினி" என்றாய், அதோடு ஒட்டிக்கொண்டது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. உன் சீட்டில் இப்போது யாரோ ஒருத்தி தூங்கி வழிகிறாள். ஒரு காரணமும் இல்லாமல் அவள்மேல் எரிச்சல் வருகிறது.

உன் ஊத்து நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குண்டாற்றுக்குக் கூட்டிப்போய், ஒரே இடத்தில் மணலைத் தோண்டி, எத்தனை சாணில் தண்ணீர் ஊறுகிறது என்று எழுதவைப்பாயே, அதை நான் விடவில்லை. மம்பட்டிக் காம்பில் நீ கீறிய சாண் கோடுகள் அப்படியே இருக்கின்றன. போன கோடையில் மூன்று சாண். இந்தக் கோடையில் ஐந்து. மணல் அள்ளிய பள்ளங்கள் பக்கத்திலேயே வாயைப் பிளந்து கிடக்க, எல்லாம் வெயிலால் என்கிறார்கள் வெட்கமில்லாமல்.

இனிமேல் சொல்வதைக் கேட்டால் உனக்கு வயிறு எரியும். நோட்டைப் பற்றி மேலிடத்துக்குத் தெரிந்து, பள்ளிக்கு விருது கொடுக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. நம் ஹெட்மாஸ்டர் பெரிய சாருக்குத் தலைகால் புரியவில்லை. வறட்டு மணலில் பிள்ளைகள் குழி தோண்டினால் போட்டோவில் நன்றாகவா இருக்கும் என்றார். ஊத்துக்குழியை அகலமாக வெட்டச் சொல்லி, பந்தல் கடையில் தார்ப்பாய் வாடகைக்கு வாங்கிவந்து அடியில் விரித்து, ஓரத்தில் மணலைப் போட்டு மறைத்தார். காலையில் ஒரு லாரித் தண்ணீர் வந்து அதில் கொட்டியது. எந்த லாரி தெரியுமா? தெற்குத் தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை வருமே, அதே லாரி. அன்றைக்கு அவர்கள் முறை.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் தெரு. தண்ணீரைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? மாரீஸ்வரியும் நாலைந்து பிள்ளைகளும் வீட்டுக்கு ஓடிக் குடங்களோடு வந்துவிட்டார்கள். குளிக்கவும் இல்லை, விளையாடவும் இல்லை. கலங்காமல், மேலாக மோந்து மோந்து நிரப்பினார்கள். அதற்குள் ரோட்டில் ஜீப் தெரிந்தது. பெரிய சார் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "அவுக வந்துட்டாக. பாத்துக்கிருங்க டீச்சர்" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன் மதினி. எல்லாத் தண்ணீரையும் திரும்ப ஊற்றச் சொன்னேன்.

மாரீஸ்வரி இடுப்பில் குடத்தோடு நின்றாள். "குடிக்கிற தண்ணி, டீச்சர்."

"சொன்னதைச் செய்யி."

ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழுந்ததை எனக்குக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அதிகாரி வந்தார். இந்த வறட்சியிலும் இவ்வளவு தண்ணீரா என்று வாயைப் பிளந்தார். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, முறுக்குத் தின்று, டீ குடித்துவிட்டுப் போனார். ஜீப் மறைந்ததுமே பந்தல் கடைக்காரர் தார்ப்பாயைக் கேட்டு நின்றார். உருவினார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவ்வளவு தண்ணீரும் மணலுக்குள் போய்விட்டது. சாயங்காலம் என் பஸ் தெற்குத் தெரு வழியாக வந்தபோது காலிக் குடங்கள் இன்னும் வரிசையில் இருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரிய சாரைத் திட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் அவர் தார்ப்பாய்தான் விரித்தார். பிள்ளை இடுப்பிலிருந்த தண்ணீரைக் கொட்டவைத்தது என் வாய். நீ என் இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?

மறுநாள் பெரிய சார், நோட்டில் 'தண்ணீர் மேலேயே தெரிகிறது' என்று எழுதித் தரச் சொன்னார். திறந்தால், அதிகாரி வந்த அன்றைக்கு எழுதும் முறை மாரீஸ்வரிக்கு. எத்தனை சாண் என்று நீ கோடு போட்ட கட்டத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்: 'இன்னைக்கு ஊத்து தோண்டல. லாரித் தண்ணி. ஒரு குடம் எடுத்தேன். டீச்சர் திரும்ப ஊத்தச் சொன்னாங்க.' இந்த நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதணும் என்று வழக்கம் வைத்தவள் நீதானே. பெரிய சார் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் என்றார். நோட்டு திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகிறது.

கிழிக்கவில்லை. அவள் எழுதியதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். விருது கிடைக்காது, எனக்கு மாறுதல் வேண்டுமானால் கிடைக்கும். மாரீஸ்வரி இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அருப்புக்கோட்டையில் என் வீட்டிலிருந்து ஒரு குடம் குடிதண்ணீரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவேன், கண்டக்டர் லக்கேஜ் போட்டால் போடட்டும். தெற்குத் தெருவில் இறங்கி, அவள் அம்மா கேட்கும்படி நடந்ததைச் சொல்லி, அவள் கையிலேயே குடத்தைக் கொடுப்பேன். அவள் அதை வாங்கி என் காலடி மணலிலேயே கவிழ்த்தாலும், கடைசிச் சொட்டு விழும்வரை நின்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்துச் சீட்டு மதினி,
ராமலட்சுமி