பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஜூன் 2, திங்கள்

"மெஷினுக்குப் பழக்கம் வருமா டீச்சர்?" என்று ஒன்பதாம் வகுப்பில் ரக்ஷிதா கேட்டாள். பத்து வருடம் இருக்கும். நான் என் செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். வகுப்பே சிரித்தது. குதிகாலில் வலது ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டி, இது பழக்கமா, தேய்மானமா என்று கேட்டு, தேய்மானம்தான் என்று நானே பதிலும் சொன்னேன். பழக்கம் உயிருள்ளதற்குத்தான் வரும். அன்று அத்தனை உறுதி.

நேற்று நகரியில், சொந்தக்காரர் கமலக்கண்ணன் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். பந்தியில் என் தம்பி தணிகைவேல் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னான். எல்லாருக்கும் கேட்கும்படி.

"எங்கக்கா காருக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க. இப்பத்து வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்குது, ஓட்டுறவங்களப் பாத்து கத்துக்கினே இருக்கும். இவங்க நாப்பதுலயே போய்க்கினு வந்தாங்களா, அதுவும் கெழவியாயிடுச்சு. ஏத்தத்துல முக்குது."

சாம்பார் வாளியோடு நின்றவர்கூடச் சிரித்தார்.

"ரெண்டு மாசம் என்கிட்ட குடுக்கா. தினம் ஸ்ரீ சிட்டி கம்பெனிக்கு ஓட்டி, அதுக்கு ஓடக் கத்துக்குடுத்துத் தர்றேன்."

"தம்பி நல்லதுக்குத்தானே சொல்றான், குடும்மா" என்றார் முனிசாமிப் பெரியப்பா. இருபது பேர் இலையிலிருந்து தலை தூக்கிப் பார்க்கும்போது என்ன செய்ய? சாவியைக் கொடுத்தேன். சித்தூருக்குப் பஸ்ஸில் வந்தேன்.

ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய கார் அது. ஏற்றத்தில் முக்குவது உண்மைதான். ஆனால் என்னாலா?

ஜூன் 5, வியாழன்

பிரேமலதா என் பள்ளியில் இருபது வருடம் தெலுங்கு எடுத்தவள். பக்கவாதத்துக்குப் பிறகு இடது காலைத் தூக்கி வைக்க வரவில்லை. வியாழன்தோறும் திருப்பதியில் பயிற்சி. நான்தான் காரில் அழைத்துப் போவேன்.

இன்று பஸ். நானும் கண்டக்டரும் சேர்ந்து தூக்கினோம். புடவை படிக்கட்டில் சிக்கி முழங்கால் வரை ஏறிவிட்டது. பஸ்ஸே பார்த்தது. உட்கார்ந்ததும் என் கையைத் தட்டி, "பரவாலேது ருக்மணி" என்றாள்.

பரவாலேதா? அவளுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம். எனக்கு இல்லை. உடமாட்டேன்டா தணிகை. உன்னை உடமாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

வேலூர் சாலையில் சலீம் பட்டறைக்குப் போனேன். வாங்கிய நாளிலிருந்து என் காரைப் பார்ப்பவர். தம்பி சொன்னதைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கம்ப்யூட்டர் ஆளக் கத்துக்காது டீச்சர், இஞ்சினத்தான் கத்துக்கும். காத்து எவ்ளோ வருது, பெட்ரோல் எவ்ளோ ஊத்தணும், கிளட்ச் எவ்ளோ தேஞ்சுது, இதான். உங்களுது மாதிரி கிளட்ச் மிதி இல்லாத வண்டில, கியர் மட்டும் கால் அழுத்தத்தப் பாத்து கொஞ்சம் முன்ன பின்ன மாறும். நீங்க மெதுவா ஓட்டுனதுக்காகக் கெழடாவாது."

"அப்ப ஏன் முக்குது?"

"ஏர் ஃபில்டர் அடச்சிருக்கும். மூக்கடச்சவன் ஏத்தம் ஏறுவானா? மாத்தணும் வாங்கன்னு போன மாசமே சொன்னேன். நீங்கதான் வரல."

ஆமாம், போகவில்லை. தப்பு என்னுடையதும்தான். அதைத் தணிகையிடம் சொல்லப்போவதில்லை. புது ஃபில்டர் ஒன்று வாங்கினேன்.

"கத்துக்கினத மறக்க வெக்க முடியுமா சலீம்?"

"உங்க மாடல்ல முடியும். பேட்டரில கறுப்புக் கம்பியக் கழட்டி கால் மணி நேரம் உட்டா மறந்துடும். அப்பறம் ரெண்டு மூணு நாள் தள்ளாடும். எதுக்கு டீச்சர்?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

ஜூனில் பள்ளி திறக்கும் முதல் நாள் மாதிரி. ஏப்ரலில் மடமடவென்று ஒப்பித்த வகுப்பு, பதினேழாம் வாய்ப்பாட்டைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கும். மூன்று நாளாகும் சரியாக.

ஃபில்டரைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். திரும்பி வரும் வழியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றும் வாங்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு

"வண்டி எப்படித் தேறிக்கினு வருதுன்னு வாராவாரம் கொண்டாந்து காட்டுடா" என்று தணிகையை நானே போனில் கூப்பிட்டேன். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. "இன்னொரு உருண்டை துன்னுடா, தினம் அவ்ளோ தூரம் ஓட்டுற உடம்பு." தின்றான். சாவியை ஃப்ரிட்ஜ்மேல் வைத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தான். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

ஸ்பேனரால் பேட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் நின்றேன். முப்பத்து நான்கு வருட வேலையில் ஒரு நாள்கூட முதல் மணி என்னை முந்தியதில்லை. திரும்ப மாட்டியபோது காரின் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. நல்லவேளை, கண்ணில் பட்டது. என் வாட்ச்சைப் பார்த்துத் திருத்தினேன்.

ஜூன் 9, திங்கள்

போன். "அக்கா, வண்டி சிக்னல்ல ஒதறுது. எடுக்கறப்ப குதிக்குது. ஷிஃப்டுக்கு லேட்டு, சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான்."

எல்லார் முன்னாடியுமா.

"புது வாத்தியார் வந்தா வகுப்பு அடம் பிடிக்கும்டா. பொறுமையா சொல்லிக்குடு" என்றேன். சேமியா பாயசம் வைத்துத் தனியாகக் குடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று உருண்டை தின்றான். கம்பி இன்று ஒரே திருகில் கழன்றது.

ஜூன் 18, புதன்

தணிகையின் மனைவி அகிலா கூப்பிட்டாள். புத்தூர் திருப்பத்தில் கார் அப்படியே அணைந்து நின்றுவிட்டதாம்.

"பின்னாடியே லாரி, அண்ணி. லாரிக்காரன் பிரேக் போட்டுட்டான். ஒரு மொழம்தான் இருந்துச்சு. இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்."

போனை வைத்தேன். நகரிப் பந்தியில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். நான் பார்த்தேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன்? லாரி இன்னும் ஒரு முழம் முன்னால் வந்திருந்தால்?

ஸ்பேனரை அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டேன். போதும். ஞாயிறன்று அவனிடம் சொல்லிவிட்டு, ஃபில்டரை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லத்தான் இருந்தேன். ஃபில்டரைப் பீரோவிலிருந்து எடுத்து வெளியே வைத்தும் விட்டேன். சாப்பாட்டுக்கு நடுவில், பிரேமலதா பஸ்ஸில் படும் பாட்டை மட்டும் முதலில் சொன்னேன்.

களியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னான்: "பஸ்ல போனா என்னாக்கா? அந்தம்மா என்ன ஆபீஸுக்கா போறாங்க? ரெண்டு கெழவிங்களுக்கு எதுக்கு காரு."

இன்னொரு உருண்டை வைத்தேன்.

அகிலா எங்கே என்று கேட்டேன். பாலசமுத்திரத்தில், அம்மா வீட்டில், பத்து நாள் இருப்பாளாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கம்பியைக் கழற்றினேன். அதற்குமேல் நல்லவளாக இருக்க என்னால் முடியவில்லை.

ஃபில்டர் திரும்பப் புடவைக்கு அடியில்.

ஜூன் 26, வியாழன்

மழை. பஸ் படியில் பிரேமலதாவுக்குக் கால் வழுக்கியது, பிடித்துவிட்டேன். வழியெல்லாம் அவனையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்கே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாவியை என் கையில் வைத்தான்.

"இதுக்கு என் பழக்கம் ஏறலக்கா. உன் பழக்கந்தான் ஏறியிருக்குது."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எத வெச்சுடா சொல்ற?" என்று கேட்டேன்.

"போய் கடியாரத்தப் பாரு. ஞாயித்துக்கெழம இங்க வர்றப்ப கரெக்டா இருக்குது. துன்னுட்டு தூங்கி எழுந்து எடுத்தா அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட். மூணு வாரமா இதே கதை. ரெண்டு வாரம் போனைப் பாத்து நான் திருத்தினேன், இந்த வாரம் அப்படியே உட்டுட்டேன்."

சாவியை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தேன்.

"சின்ன வயசுலருந்து பாக்கறேன். ஸ்கூல் மணிக்கு முந்தணும்னு அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஓட்டற வாட்ச் இந்த ஊர்ல ஒருத்தர் கையிலதான் இருக்குது."

அவன் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபப்படவில்லை. களி கிண்டுகிறேன், இரு என்றேன்.

"வேணாங்க்கா. தூக்கம் வரும்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டான். சொல்வதானால், கார் ஆளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று பந்தியில் அளந்தது பொய் என்றும் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

ஜூலை 3, வியாழன்

செவ்வாயன்று சலீம் ஃபில்டரை மாற்றினார். பழையதைத் தட்டினார், ஒரு கைப்பிடி மண் கொட்டியது. "இதான் உங்க பழக்கம் டீச்சர்" என்றார். கார் இன்று திருப்பதி வரை எந்த ஏற்றத்திலும் முக்கவில்லை. நாற்பதில்தான் போனேன். ஒரே ஒரு தடவை எழுபது, எப்படி இருக்கிறது என்று பார்க்க.

பிரேமலதா முன்சீட்டில் உட்கார்ந்து, புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாள். பாதி வழியில், "ருக்மணி, உன் காரு அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

தணிகை போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஞாயிறுக்கு ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறேன். வருவானா தெரியாது.

ஸ்பேனரைத் தூக்கிப் போடவில்லை. துடைத்து டாஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இதை யாராவது படிக்க நேர்ந்தால், செய்து பார்க்க ஒன்று: பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு காரின் கடிகாரத்தைப் போனைப் பார்த்து வையுங்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்து வைக்காதீர்கள்.