அப்பா இருக்கும்வரை

ஸ்கீனா ஆற்றங்கரை
ஜனவரி 14, 1996

அன்பு மகள் லோரெட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பின்னி அனுப்பிய காலுறை வந்தது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. உன் அம்மா பின்னியதும் அப்படித்தான் இருக்கும், ஆகவே குறை சொல்லவில்லை. பனி ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. சாலைக்காரர்கள் ஊரெல்லாம் வாரி என் வாசலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். புகார் எழுதிப் போட்டிருக்கிறேன்.

டாக்டரிடம் போகச் சொன்னாய், போனேன். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லையாம். மார்ச் மாதம் வான்கூவரில் உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நெஞ்சைத் திறந்து மாற்றுவார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

வேறொன்று சொல்ல வேண்டும். உன் புத்தகம் ஏப்ரலில் வருகிறது என்று எழுதியிருந்தாய். மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பனிச்சரிவுக் கதை என்றும் எழுதியிருந்தாய். மறந்துவிடாதே, நம் ஆட்களில் பிள்ளை தாயின் குலம், நீ உன் அம்மாவின் தவளை வீட்டுப் பிள்ளை. அந்தக் கதை என் ஓநாய் வீட்டுச் சொத்து. அப்பன் இருக்கும்வரை அப்பன் வீட்டுக் காட்டில் பிள்ளை வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், அந்த வீட்டுக் கதையைச் சொல்லலாம். அப்பன் போன அன்று அந்த உரிமையும் போய்விடும். வீடு எனக்குச் சூட்டிய பெயரும் கதையும் என் தங்கை மகன் க்ளிஃபர்டுக்குப் போகும். இது நான் போட்ட சட்டம் இல்லை.

நான் போன பிறகு நீ அந்தக் கதையை அச்சடித்தாலோ வகுப்பில் சொன்னாலோ, குலங்கள் கூடும் விருந்து மண்டபச் சபையில் எல்லார் முன்னும் உன்னை நிற்க வைப்பார்கள். உன் அம்மா வீட்டார் முழுக்கத் தலைகுனிந்து, சபைக்குப் பணமும் பொருளும் கொடுத்து, அந்த அவமானத்தைக் கழுவ வேண்டியிருக்கும். தடுக்க நான் இருக்க மாட்டேன். இருந்தாலும் தடுக்க மாட்டேன்.

மீன் நெய் ஒரு ஜாடி அனுப்புகிறேன். வீச்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால் அவரை எனக்கு எழுதச் சொல்.

உன் அப்பா,
பெர்சி

•

வான்கூவர்
ஜனவரி 23, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் படித்ததும் போன் பண்ணினேன், இணைப்பே இல்லை. போனை ஏன் பிடுங்கிப் போட்டீர்கள்? ஆபத்துக்குக்கூட அழைக்க முடியாத வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, "இனி அந்தப் பேச்சு வேண்டாம்" என்கிறீர்களே.

நான் உங்கள் டாக்டருடன் பேசினேன். அறுவை செய்யாவிட்டால் கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்கிறார். உங்களிடமும் சொன்னாராம். நீங்கள் எழுதவில்லை.

என் நிலைமையையும் கேளுங்கள். மார்ச் கடைசியில் பல்கலைக்கழகக் குழு கூடி என் வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கும். நம் பூர்வகுடி ஆட்களின் இலக்கியத்தை நம் ஆளே பாடமாக நடத்துவது இந்தத் துறையில் இதுதான் முதல் தடவை. போன வாரம் நடைபாதையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. "கதை சொல்றாங்க, சரி. ஆராய்ச்சி எங்கே?" அதற்குப் பதில் அந்த மூன்றாம் அத்தியாயம்தான். அது இல்லாவிட்டால் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லாவிட்டால் நான் இல்லை.

தயவுசெய்து அறுவைக்கு வாருங்கள் அப்பா. உங்களுக்காக வேண்டாம் என்றால் எனக்காக. புத்தகம் வரும்வரையாவது இருங்கள்.

உங்கள் மகள்,
லோரெட்டா

•

ஸ்கீனா ஆற்றங்கரை
பிப்ரவரி 2, 1996

லோரெட்டாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தேன். அடுப்பில் விறகு போட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன். மாறவில்லை, அப்படியேதான் இருந்தது.

நேற்று பெட்ரோல் பங்கில் க்ளிஃபர்ட் நின்றிருந்தான்.

"என்ன மாமா, மூச்சு இப்படி வாங்குது?"

"உன் லாரிப் புகை."

"இஞ்சினை அணைச்சு அரை மணி நேரம் ஆச்சு." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "லோரெட்டா போன் பண்ணினா மாமா. பிற்பாடு அந்தக் கதையை அவ வச்சுக்கலாமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"மாமா இருக்கிற வரைக்கும் மாமாவைக் கேளுன்னேன். அப்புறம் என்னைக் கேக்கணும்னா சபையில வந்து கேளு, போன்ல கேக்கிற விஷயமா இதுன்னேன். புரொபசரம்மாவுக்கு இதுகூடவா தெரியாது?"

பங்க் பையன்கள் முன்னால் இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே நீ அடுத்தவனிடம் பேரம் பேசியிருக்கிறாய். தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தேன், வலை கட்டக் கற்றுக்கொடுத்தேன். இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டிக்கொண்டவன். ஆனாலும் ஒரு வரிக்குப் பொருள் தெரியும். என் நெஞ்சை உன் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்காக அறுத்துக்கொள்ள மாட்டேன்.

பெர்சி

•

ஸ்கீனா ஆற்றங்கரை
பிப்ரவரி 11, 1996

லோரெட்டாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரியிடம் கேட்டேன். "எழுதினாத்தானே தாத்தா வரும்?" என்றாள். அவள் வாய்க்கும் ஒரு புகார் எழுதலாம்.

நான் சமாதானத்துக்காக எழுதவில்லை. ஊர்ச் செய்தி சொல்ல எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை விறகு எடுக்கப் போனேன். கால் வழுக்கியதா, கண் இருட்டியதா தெரியாது. பனியில் கிடந்தேன். கூரையிலிருந்த பனி சரிந்து என்மேல் விழுந்தது. அதிகமில்லை, மார்பு வரைதான். சாலையில் பனி வாரும் வண்டி போவது கேட்டது. கூப்பிட்டேன். குரல் வரவில்லை. வண்டி போய்விட்டது.

நம் கதையில் பனிக்கு அடியில் கிடப்பவன், மேலே ஆட்கள் நடப்பதைக் கேட்பானே, அந்த இடத்தை உனக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். தவறாகச் சொல்லியிருக்கிறேன். அவன் சத்தம் போட்டான் என்று சொன்னேன். சத்தம் போட முடியாது.

நாய் சுரண்டியது. ஒருவழியாக எழுந்துவிட்டேன். நான் பயப்படவில்லை. நாய்தான் பயந்துவிட்டது. அன்றிலிருந்து வாசலைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. நான் கண்ணை மூடினால் குரைக்கிறது. ஆகவே நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருக்கிறேன் என்று தெரிவிக்கவே எழுதினேன். வகுப்பில் நீ இன்னும் சொல்லலாம்.

அப்பா

•

வான்கூவர்
பிப்ரவரி 19, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உடனே க்ளிஃபர்ட் அத்தானை அழைத்து உங்களைப் பார்த்துவரச் சொன்னேன். வந்திருப்பார். விரட்டியிருப்பீர்கள். மறுபடியும் வருவார்.

நான் ஏன் எழுதவில்லை என்றால், சும்மா வார்த்தையால் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன். அந்த வரியை நான்தான் எழுதினேன். எழுதும்போது அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம் பயம், எனக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பக்கம் பயம். எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நடுவில் படுத்தால் தூக்கமில்லை. முன்பு கதையைக் கேட்டு அத்தானை அழைத்ததும் அந்தப் பயத்தில்தான்.

ஆகவே பிரித்துவிட்டேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பதிப்பகத்துக்கு எழுதி மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அது இல்லாமல் அச்சடிக்க முடியாது என்று புத்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். துறைத்தலைவரிடமும் சொன்னேன்.

"என்ன லோரெட்டா, விளையாடுறீங்களா? இன்னும் அஞ்சு வாரத்துல குழு. உங்கப்பா உயிரோடதானே இருக்கார்? அனுமதியும் கொடுத்திருக்கார்."

"உயிரோட இருக்கார் சார். அதனாலதான் இப்பவே எடுக்கிறேன்."

"புரியல."

"புரியவைக்க ஒரு அத்தியாயம் வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஜூனோடு என் வேலை போகலாம். போனால் மீன் பதப்படுத்தும் கொட்டகையில் சித்தி இடம் தருவாள்.

இப்போது சொல்கிறேன் அப்பா. நீங்கள் உயிரோடு இருப்பதில் எனக்கு இனி ஒரு லாபமும் இல்லை. ஒரு பைசா லாபமில்லை. இப்போது கேட்கிறேன், அறுவைக்கு வாருங்கள்.

நீங்கள் எதற்கு மறுக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சாலைக்காரர்கள், டாக்டர், தபால்காரி, எல்லார் மேலும் உங்களுக்குக் காரணம் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை. பயமாக இருந்தால் எழுதுங்கள். எனக்கும்தான் இருக்கிறது.

மகள்,
லோரெட்டா

•

ஸ்கீனா ஆற்றங்கரை
பிப்ரவரி 27, 1996

அன்பு மகள் லோரெட்டாவுக்கு,

நீ கதையை எடுத்தது சரி. அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. வேறு எழுது. உன் அம்மா வீட்டுத் தவளைகளிடம் கதைக்கா பஞ்சம்?

க்ளிஃபர்ட் வந்தான். விரட்டினேன். மறுபடி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"மாமா, நீங்க போயிட்டா உங்க பேரை நான் சுமக்கணும். இப்ப எனக்கு முதுகு வலி. கொஞ்ச நாள் நீங்களே வச்சுக்குங்க."

"உனக்கு எப்போடா முதுகு வலி இல்லை?"

"அதான் சொல்றேன், ரொம்ப நாள் இருங்க."

அவன் லாரியில் கொண்டுவந்து விடுகிறான். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மார்ச் பதினொன்று, திங்கட்கிழமை. நாயை அவன் வீட்டில் விடுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு ஒன்பது வயதில் காசநோய் ஆஸ்பத்திரியில் மூக்கில் துணி வைத்து மயக்கினார்கள். முந்தின நாள் பக்கத்துக் கட்டில் ஸ்டான்லியை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் நாஸ் ஆற்றுப் பையன், நான் பேசுவது அவனுக்குப் பாதி புரியும். மறுநாள் காலை அவன் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அவன் திரும்பி வரவில்லை. பிறகு என் முறை. நான் கண் விழித்தபோது கூரை வெள்ளை, சுவர் வெள்ளை, மேலே போர்த்தியதும் வெள்ளை. சுற்றிலும் பேச்சுச் சத்தம், ஒரு வார்த்தை புரியவில்லை. பனிக்கு அடியில் கிடக்கிறேன், செத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை நாள் படுத்திருந்தேன் என்று தெரியாது. இதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

வெட்டுவதற்குப் பயமில்லை. விழிப்பதற்குத்தான் பயம்.

ஆகவே ஒன்று செய். என்னை வெளியே கொண்டுவந்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார். நர்ஸ் போகச் சொன்னால் போகாதே. புகார் இருந்தால் எனக்கு எழுதச் சொல். உட்கார்ந்து, நம் பேச்சில், பனிச்சரிவுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல். சத்தமாகச் சொல். அவன் கூப்பிட முடியாமல் கிடக்கும் இடத்தைத் திருத்திச் சொல்.

நான் செத்திருந்தால் நீ அதைச் சொல்ல மாட்டாய். அது எனக்குத் தெரியும். காதில் விழுந்தால், உயிரோடு இருக்கிறேன் என்று புரிந்துகொள்வேன்.

காலுறையைப் போட்டுக்கொண்டு வருகிறேன், இரண்டையும்.

உன் அப்பா,
பெர்சி