உலை ஓட்டும் மாப்பிள்ளை

பதிவு 41 · 09:10 · நிலவு உருக்காலை
எல்லாம் சீர். ஆலைப் புகையும் ஹைட்ரஜனும் உலைக்குள் போகின்றன, மெத்தனால் சொட்டுகிறது. நிலவின் நீண்ட இரவில் அதை எரித்துத்தான் குளிர் காய்கிறேன். வித்தை செய்வது அலுமினா மணிகள்மேல் பூசிய செம்பு ஆக்சைடு. என் மகள் அங்கயற்கண்ணி உருவாக்கிய வினையூக்கி. பத்தாம் வகுப்பை இரண்டு முறை ஆசையாகப் படித்த எனக்கு அது வெறும் மிளகு.

உலையை ஓட்டுவது ஒரு கணினி. மகள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். அதுவும் வெட்கமில்லாமல் மாமா என்கிறது. பூமியிலிருந்து மகள், "அப்பா, சாப்டீங்களா?" என்றால், நான் வாய் திறக்குமுன், "மாமா உப்புமாவைத் தொடவே இல்ல" என்கிறான். கோள்மூட்டி.

பதிவு 43 · 11:00
பழைய மணிகள் ஓய்ந்தன. புதியவற்றைக் கொட்டினேன். நைட்ரஜனில் துளி ஹைட்ரஜன் கலந்து, மெல்ல மெல்லப் பதப்படுத்த வேண்டுமாம். மகள் சொன்னாள்: "மாப்பிள்ளை, நீ பாத்துக்கோ. அப்பாவத் தொட விடாத."
நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

15:20
மாப்பிள்ளையின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். ஹைட்ரஜன் வால்வை முழுதாகத் திறந்தேன். அவன் இரண்டு நாள் உருட்டுவதை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன், பாருங்கள்.

15:50
சூடு ஏறுகிறது. வால்வை மூடினேன். இன்னும் ஏறுகிறது.

17:30
செம்பெல்லாம் உருகி ஒட்டிக்கொண்டது, அடிப்பிடித்த பொங்கல்போல. உள்ளே போகும் புகை புகையாகவே வருகிறது. வெளியே இருட்டிவிட்டது. மீட்புக் கலம் இரண்டு வாரம் கழித்து விடிந்தால்தான்.
கம்பியைச் செருகினேன். அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"மாமா, தொட்டியில இருக்கற மெத்தனால் ஒரு அறைக்குத்தான் காணும். என் அறைச் சூட்டை உங்க பக்கம் திருப்பிட்டேன்."
உனக்கு என்று கேட்டேன்.
"குளிர்ல நின்னுடுவேன். அப்புறம் எழ முடியாது. நீங்க போர்வையப் போத்துங்க."

பதிவு 44 · 08:00
அவன் விளக்குகள் அணைந்துவிட்டன. மகளின் செய்தி:
"அப்பா, வால்வைத் தானே தப்பாத் திறந்துட்டதா மாப்பிள்ளை கடைசியா எழுதி அனுப்பிருக்கு. பாவி, உங்களக் கொல்லப் பாத்திருக்கே! நல்லவேளை, கம்பியைப் பிடுங்கினீங்க."
பொய் சொல்வதிலும் என்னை முந்திவிட்டான்.

08:40
"பூமியில இருக்கற அதோட பிரதி எல்லாத்தையும் மேலிடத்துல அழிக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. நீங்கதான் கூடவே இருந்தீங்க. நீங்க சொன்னா சரி. என்னப்பா செய்யட்டும்?"

09:15
அங்கை, அது

09:50
அறை கதகதப்பாகத்தான் இருக்கிறது. விரல்தான் அடுத்த சொல்லுக்கு நகர மாட்டேன் என்கிறது.