சமையல் மேடையில் ஊற்றிய கடல்

இன்று காலை கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. மீன் வாடையும் நகச்சாய வாடையும் கலந்தாற்போல, மூக்கினுள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் ரெசின் வாசனை. செமினியில் இந்த அடுக்குமாடிக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கே அதை நான் முகர்ந்ததே இல்லை. ஒரு நிமிஷம், போர்ட் கிள்ளானிலிருந்து வேலை முடிந்து வந்து நம் வீட்டுக் கேட்டைத் திறக்கிறேனோ என்று இருந்தது.

பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி. அந்தக் கணவன் முழங்கை வரை கையுறையோடு வெளியே வந்து, "அங்கிள், உள்ள வந்து பாருங்க. வீடியோ பாத்து நானே ஊத்துனேன், கிச்சன் மேடைக்கு" என்றான். போய்ப் பார்த்தேன். சாம்பலும் வெள்ளையுமாக, பளிங்குக் கல் போல மின்னியது. "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றேன். இந்த வேலையெல்லாம் நானும் செய்தவன் என்று சொல்லவில்லை. சொன்னால் உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். திரும்பி வந்து கதவைச் சாத்தி, ஜன்னலோரம் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளான் வீட்டுச் சமையலறையை நீ மறந்திருக்க மாட்டாய். நாம் வாடகைக்கு வந்து, பிறகு வாங்கிய வரிசை வீடு. சிமெண்டு மேடை, அதன் மேல் யாரோ ஒட்டிய மஞ்சள் ஓடுகள், பாதி உடைந்தவை. விரிசலில் மீன் செதில் போய் மாட்டிக்கொள்ளும். நீ பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்பாய். "ஒரு நாளைக்கு இத மாத்தணும்லா" என்பாய், என்னிடம் கேட்பது போலவும் இல்லாமல், கேட்காதது போலவும் இல்லாமல்.

எனக்குப் படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. மீன்பிடிப் படகுகளின் ஓட்டையை அடைக்கிற ரெசின் அங்கே எப்போதும் இருக்கும். இரண்டு டின்னில் வரும். ஒன்று தேன் போலக் கெட்டியானது. மற்றது அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். சரியான அளவில் கலக்காவிட்டால் ஒன்று இறுகாமல் பிசுபிசுக்கும், அல்லது கொதித்துப் புகையும். ஒருநாள் பலகை மேல் சிந்திக் கிடந்த ரெசினில் யாரோ நீலச் சாயத்தைத் தட்டிவிட்டிருந்தார்கள். மறுநாள் வந்து பார்த்தால் பலகையில் ஓர் அலை எழுந்து நின்றிருந்தது. ஈரமாகவே இருப்பது போல் ஒரு மினுமினுப்பு. கல்யாணமான புதிதில் நாம் மோரிப் கடற்கரைக்குப் போனது நினைவுக்கு வந்தது. நீ சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலைக்குப் பயந்து பின்னால் பின்னால் போனாயே, அன்று.

அன்றே முடிவு செய்துவிட்டேன். முதலாளி தவுக்கேயிடம் கேட்டதும் டின்களின் அடியில் மிஞ்சியதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். "சொந்தமா பட்டறை போடப் போறியா, இவ்வளவு?" என்று சிரித்தார்.

முதல் சோதனைகளை வீட்டு முன்புறம், கார் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் செய்தேன். ஒரு பலகையில் ஊற்றிய அன்று மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் மேலெல்லாம் வெண்படலம், கண்ணில் புரை விழுந்தது போல. நீ அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றாய். ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

பிறகு மழை இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து மேடையிலேயே ஊற்றினேன். ஓடுகளைப் பெயர்த்து, மட்டப்படுத்தி, ஓரங்களில் மெல்லிய சட்டம் அடித்து டேப் ஒட்டினேன். அடியில் கருநீலம், அதன் மேல் இளநீலம், கரைக்கு வெள்ளை. வெள்ளையை ஊற்றிவிட்டுச் சூடான காற்றால் தள்ளினால் நுரை நுரையாக விரிந்தது. எழும்பிய குமிழிகளை நெருப்பு காட்டி உடைத்தேன். அடுப்பைப் பின்கட்டில் வைத்து நீ சமைத்தாய். யாரும் உள்ளே போகக்கூடாது, தூசு விழும் என்று வாசலில் நாற்காலி போட்டு நானே காவல் இருந்தேன். ஒரு சின்னப் பூச்சி எப்படியோ போய் விழுந்துவிட்டது. அதை எடுக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து நீ சிரித்தாய். "மோரிப்ல பூச்சி இருக்காதா என்ன? விடுங்க" என்றாய்.

இறுகிய பிறகு நம் தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. சமையலறை என்றும் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டுச் சரசு அக்கா, மேடையில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டார். "தம்பி, எனக்கும் இதே மாதிரி. இதே கடல்!" என்றார். இன்னும் சிலர் கேட்டார்கள். பட்டறையை விட்டுவிட்டு வீட்டிலேயே இந்த வேலையைச் செய்தால் என்ன என்று எனக்கு ஆசை பிறந்தது. உன்னிடம் தினமும் அதையே பேசினேன். நீ "ம்" கொட்டினாய்.

அப்புறம்தான் பேப்பர் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால், மேடை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்திருந்தாய். மறுநாளும். அதற்கு அடுத்த நாளும்.

"ஏன் மூடி வச்சிருக்க?"

"அழுக்காயிடும்ங்க."

"அழுக்கானா தொடச்சா போச்சு. அதுக்குத்தானே ஊத்துனேன்?"

உன் விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, கத்தி புதுசு, கூர் அதிகம் என்றாய். எனக்கு உள்ளுக்குள் வலித்தது. ஊரெல்லாம் மெச்சுகிறது, இவளுக்கு மட்டும் பிடிக்கவில்லையே என்று. அந்த நாட்களில் நாம் ஒரே வீட்டில் இருந்தும் தனித்தனியாகத்தான் இருந்தோம். நான் வீட்டு முன்புறத்தில் சாயம் கலக்கிக்கொண்டு. நீ செய்தித்தாள் விரித்த மேடைக்கு முன்னால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சரசு அக்கா தன் வீட்டு மேடையைப் பற்றிப் பேச வந்தார். அவருக்குக் காட்ட வேண்டுமென்று பேப்பரை எல்லாம் நானே சுருட்டி எடுத்தேன். நீ தேயிலை போட்டுத் தே கலக்கினாய். ஜன்னல் வழியே வெயில் நேராக மேடையில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோப்பையை வெள்ளை நுரையின் மேல் வைத்தாய். ஜக்கைச் சாய்த்தாய். தே கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்தது. நீ நிறுத்தவில்லை. நிதானமாக, கோப்பை நிறைவதற்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவும் ஊற்றினாய். அது அலைகளின் மேல் ஓடி, ஓரத்தில் வழிந்து, சரசு அக்காவின் காலடியில் சொட்டியது.

"ஏய், பாத்துலா! கப்பு இங்க இருக்கு!"

"தூக்கக் கலக்கம் அக்கா" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே உன் இடது கை மேடையின் மேல் மெல்ல நகர்ந்து கோப்பையைத் தேடியது. அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன். சரசு அக்கா பார்க்கவில்லை.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நீ துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய், சிந்தாத இடத்தை.

"உனக்கு எவ்வளவு தெரியுது?" என்று கேட்டேன்.

துணி நின்றது. "நேரா பாத்தா உங்க முகம் தெரியுது. பக்கத்துல உள்ளது தெரியாது. குழாய் வழியா பாக்குற மாதிரி. இருட்டுனா ஒண்ணுமே இல்ல."

"எப்போதிருந்து?"

"தையல் மெஷின குடுத்தேனே, அதுக்கும் முன்னாலருந்து."

முதுகு வலி, இனி ரவிக்கை தைக்க முடியாது என்று சொல்லித்தான் அந்த மெஷினைக் கொடுத்தாய். நானும் முதுகுக்குத் தைலம் வாங்கி வந்து தேய்த்தேன். நீயும் குப்புறப் படுத்து முதுகைக் காட்டினாய்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க என்னப் பாக்குற விதமே மாறிடும்ல. அது எனக்கு வேணாம்னு இருந்துச்சு." பிறகு மேடையைக் கையால் தொட்டுக்கொண்டு சொன்னாய்: "இது ரொம்ப அழகாத்தான் இருக்கும். ஆனா வெளிச்சம் இதுல தண்ணி மாதிரி ஓடுதுங்க. எது கத்தி, எது வெளிச்சம்னு எனக்குத் தெரியல."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கனிவாகத்தான் பேசினார். உள்ளே விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், நிறுத்த மருந்து இல்லை என்றார். திரும்பும் வழியில் கிள்ளான் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாய். எதிர் இருக்கையில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்தேன். நீ மேடைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாய்.

"உடைக்காதீங்க. ஆசையா ஊத்துனது."

"உனக்கு உதவாதது எனக்கெதுக்கு?"

"உதவுற மாதிரி மாத்தலாம்ல? மினுக்கத்த எடுங்க. நுரை வேணாம், அலை வேணாம். ஒரு பக்கம் கறுப்பா, ஒரு பக்கம் வெள்ளையா ஊத்துங்க. வெங்காயம், கோசு எல்லாம் கறுப்புல வச்சு வெட்டுவேன். கத்திரிக்காய், வெண்டைக்காய வெள்ளைல. ஓரத்துல ஒரு கோடு போடுங்க, மேடை எங்க முடியுதுன்னு தெரியணும்."

எத்தனை நாள் தனியாக நின்று யோசித்திருப்பாய் இதையெல்லாம்!

இரண்டு பேருமாகத் தேய்த்தோம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கடல் பால் பாலாகக் கரைந்து வழிந்தது. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "மோரிப்புக்கு இன்னொரு தடவ கூட்டிட்டுப் போங்க. இன்னும் கொஞ்சம் தெரியுறப்பவே" என்றாய். அதற்கு அடுத்த வாரமே போனோம். நீ இந்த முறை பின்வாங்கவில்லை. அலை முழங்கால் வரை ஏறும் இடத்தில் நின்று, நேராக ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கூப்பிட்டும் வெகுநேரம் வரவில்லை.

கறுப்பும் வெள்ளையுமாக ஊற்றி, அதையும் தேய்த்து மங்கலாக்கினேன். சரசு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, நல்லா இருந்தத கெடுத்துட்டீங்களே!" என்றார். நீ விளக்கம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு மின்னும் கடலையே ஊற்றிக்கொடுத்தேன். இன்னும் சில வீடுகளுக்கும். ஆனால் பட்டறையை விடும் பேச்சை அதன் பிறகு நான் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மேடையும் இறுகி மின்னும்போது, அந்த வீட்டுப் பெண் அதில் முகம் பார்த்துச் சிரிக்கும்போது, எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல் இருக்கும்.

கத்தியால் நீ விரலை வெட்டிக்கொள்வது நின்றது. பிறகு பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் போக ஆரம்பித்தாய். முதலில் நான் கூட வந்தேன். பிறகு வெள்ளைக் கோலோடு நீயே பஸ் ஏறினாய். அங்கே உனக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். நம் மகள் அப்போது படிப்புக்காக விடுதியில் இருந்தாள். வீட்டில் நான்தான் இருந்தேன், உனக்குக் காத்துக்கொண்டு. தனிமை என்றால் என்னவென்று நான் கொஞ்சம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

கடைசி வெளிச்சமும் போன பிறகுகூட நீ வெங்காயத்தைக் கறுப்புப் பக்கத்தில்தான் வைத்து வெட்டினாய். ஒருநாள் கேட்டேன், "இப்போ எந்தப் பக்கமா இருந்தா என்ன?" என்று. "இது கறுப்புன்னு எனக்குத் தெரியுமே" என்றாய்.

நீ போனதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. வாங்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். சமையலறையைப் பார்த்துவிட்டு, "இத மட்டும் இடிச்சிடுவோம் அங்கிள்" என்றார்கள். சரி என்றேன். இடிக்கும் நாளில் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மகள் ஜொகூரிலிருந்து வாராவாரம் போன் செய்கிறாள். இன்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போதும் செய்தாள். போனை மேசையில் வைத்து, பேசிக்கொண்டே தே கலந்து எடுத்து வந்தேன்.

"யாருப்பா வந்திருக்கா?" என்றாள்.

"யாருமில்லம்மா. ஏன்?"

"சூடா இருக்கு, வலது கைப் பக்கம் வச்சிருக்கேன்னு யார்கிட்டயோ சொன்னீங்களே."

சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் கண் முழுதாகப் போன பிறகு, எதைக் கொண்டுவந்து வைத்தாலும் வாயால் சொல்லிவிட்டு வைப்பேன். சொல்லாமல் வைத்தால் உனக்குக் கோபம் வரும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது. "டிவில சத்தம்மா" என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். கோப்பையின் கைப்பிடி எதிர்ப்பக்கம், ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதை என் பக்கம் திருப்ப மனம் வரவில்லை. கோப்பையைச் சூட்டோடு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.