அப்பா கட்டிய மூங்கில்

பிரிஸ்பேன்

அன்புள்ள அம்மாவுக்கு வசிதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

தடை தாண்டும் ஓட்டத்தில் நான் விழுந்ததை ரேடியோக்காரன் ஃபிஜி முழுக்க அலறியிருப்பான். அவ்வளவு பெரிய விஷயமில்லை. கடைசித் தடையில் கால் தட்டி, குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. தைத்துவிட்டார்கள். நடக்கலாமாம், தாண்டத்தான் கூடாதாம்.

"பசிபிக் சாம்பியன் படுத்துக்கிட்டே பல்லு விளக்குறா பாரு!" என்று பயிற்சியாளர் குவெண்டா கிண்டலடித்தாள். பிறகு வராந்தாவில் போய் மூக்கைச் சிந்தினாள். எனக்குக் கேட்டது.

யாராவது இங்கே வந்தால் நீங்கள் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். தேய்ப்பதற்கில்லை. இங்கே எல்லாம் மருந்து வாடை. தலைமாட்டில் திறந்து வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. சின்ன வயதில் நான் தாண்டிப் பழக அப்பா வாசலுக்குக் குறுக்கே கட்டிய மூங்கில் இன்னும் இருக்கிறதல்லவா? ஊருக்கு வரும்போதெல்லாம், "தாண்டி வாடி, அப்பத்தான் கிழங்கு" என்பாரே.

ஊசி போட நர்ஸ் வந்துவிட்டாள். அடுத்த மாதம் வருகிறேன். அதற்குள், அப்பா தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, அந்த மூங்கிலை அவிழ்த்துவிடுங்கள் அம்மா.

வசிதி