தாஜ்மகாலில் இரண்டாவது கல்லறை

அண்ணை,

நேற்று உணவகச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதற்காகத் தாஜ்மகால் படத்தைக் கழற்றினோம். பல வருடத் தாளிதப் புகை அதில் மஞ்சளாகப் படிந்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க ஒரு மினார் வெள்ளையாக வெளியே வந்தது. பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டியடியில், நீங்கள் நிற்பது போலவே இருந்தது.

பீலெஃபெல்ட் நகரம் முழுவதற்கும் அந்தப் படத்தின் கதையைச் சொன்னவன் நான்தானே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ஆக்ராவின் திசைகூடத் தெரியாதவன். ஆனால் ஜேர்மன்காரர் கேட்டால் நான் மூன்று தரம் போய்வந்தவன். கட்டிய இருபதினாயிரம் பேரின் கைகளையும் ஷாஜகான் வெட்டுவித்தான் என்று நான் சொன்ன அன்று, ஒரு வயதான மனுசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தக் கதைக்காகவே கடைக்கு ஆள் சேர்ந்தது என்று இன்றும் நம்புகிறேன். சமையலும் பரவாயில்லை.

நீங்கள் ஈரக் கையோடு வந்து மெல்லச் சொன்னீர்கள்: "தம்பி, கை வெட்டினதுக்கு ஒரு ஆதாரமும் இல்லையாம். பாவம், அந்த மனுசியை அழ வைக்காதையும்."

நகர நூலகத்தில் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, அகராதியை மடியில் வைத்து வாசித்தவர் நீங்கள். நான்கு மினார்களும் சற்று வெளிப்பக்கம் சாய்ந்தவை. விழுந்தாலும் கல்லறையின் மேல் விழக்கூடாதாம். வாசல் எழுத்துகள் மேலே போகப் போகப் பெரியவை. கீழே நிற்பவனுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமாம். இதெல்லாம் நீங்கள் சொல்லித் தந்தவை. மறுநாளே என் கண்டுபிடிப்பாக மேசைக்கு மேசை பரிமாறினேன்.

உங்கள் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா போனது, மார்க் போய் ஈரோ வந்த வருடம். நீங்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை. உந்த அன்ராக், விண்ணப்பம் எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டு மயானக் கந்தோரில் அலுவலர்களைப் பார்க்க நான் தனியாகப் போனேன். இங்கே சாம்பல் கலசத்தை வீட்டில் வைக்க விடமாட்டார்கள். மயானத்தில்தான் புதைக்க வேண்டும். விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, ஒருவருக்கு மட்டுமான குழி. மற்றது, பிறகு இன்னொருவரையும் வைக்கக்கூடிய இடம். விளங்காததைக் கேட்கும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இல்லை. கந்தோர் அம்மா ஏதோ கேட்க, "யா, யா" என்று முதல் கட்டத்தில் புள்ளடி போட்டேன். எதையும் இரண்டு தரம் வாசிக்கும் நீங்கள், நான் நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தீர்கள்.

மூன்று வருடம் கழித்து உங்களுக்கு நோய் வருத்தம் முற்றியபோது கேட்டீர்கள்: "எனக்கும் அவளுக்குப் பக்கத்திலை இடம் இருக்குத்தானே?"

கந்தோருக்கு ஓடினேன். பக்கத்துக் குழிகளில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்காவின் கலசத்தைக் கிளறி இடம் மாற்றவும் சட்டம் விடாதாம். உங்களிடம் வந்து சொன்னேன்: "அண்டைக்கே கந்தோர்க்காரர்தான் அண்ணை தனிக் குழி எண்டு முடிவெடுத்தவங்கள். மேசையிலை அடிச்சுச் சண்டை பிடிச்சிட்டு வாறன்."

நீங்கள் யன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "மும்தாஜையும் முதல் வேறை ஊரிலைதான் புதைச்சவை. பிறகு ஆக்ராவுக்குக் கொண்டுவந்தவை. ராசா எண்டால் ஏலும்."

பிறகு சொன்னீர்கள்: அந்தக் கட்டடத்தில் எல்லாம் இடமும் வலமும் ஒத்தபடி. நட்டநடுவில் அவளுடைய கல்லறை. அவனுடையது பிறகு வந்ததால் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. "முழுக் கட்டடத்திலையும் அந்த ஒண்டுதான் பிசகு. எனக்கு அதுதான் பிடிச்சது."

நீங்களும் போன பிறகு, பிள்ளைகளில்லாத உங்கள் வீட்டை நான்தான் ஒதுக்கினேன். கட்டிலடியில் நூலகப் புத்தகம். கல்லறைகளின் வரைபடம் உள்ள பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் மடித்து வைத்திருந்தீர்கள். விரித்தால், அந்த விண்ணப்பத்தின் பிரதி. என் புள்ளடிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் உங்கள் குண்டுத் தமிழ் எழுத்தில் அதன் அர்த்தம்: ஒருவருக்கு மட்டும், விண்ணப்பிப்பவரின் விருப்பப்படி.

தாஜ்மகாலைப் பற்றிய என் ஒவ்வொரு புளுகையும் திருத்தினீர்கள். இந்தப் புளுகை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். இன்று மத்தியானம் ஒரு சோடி வந்து கேட்டது. மூன்று தரம் போனதைச் சொன்னேன். இப்போது அது நாலாகிவிட்டது. கை வெட்டியதைச் சொல்லவில்லை. இரண்டாவது கல்லறைக்கு வந்ததும், "பக்கத்தில்தான்" என்ற ஒரு சொல்லோடு குசினிக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மயானத்துக்கு வருகிறேன். முதலில் அக்காவுக்கு ஒரு பூ. அங்கிருந்து மூன்று வரிசை தாண்டி, தண்ணீர்க் குழாயைச் சுற்றி, உங்களிடம். ஒன்றைப் பத்தாக்கும் வாய் எனக்கு. இதை மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணிப் பார்க்கிறேன்.

முப்பத்தொரு காலடி, அண்ணை.